சக்தி நுண்செயலியும் லினக்ஸ் கருனியும்

சக்தி என்பது சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.டி. மதராஸ்) வடிவமைக்கப்பட்ட திறந்த மூல நுண்செயலிக் குடும்பம் ஆகும். இது ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. இக்குடும்பத்தைச் சேர்ந்த ரைஸ்கிரீக் என்னும் சில்லில் லினக்ஸ் இயங்குதளம் இயங்கியதாக 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட நுண்செயலிகளின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

ஒரு சில்லு (சிப்) தயாராகிவிட்டால் கணினி தயாராகிவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அந்தச் சில்லின் மொழியை அறிந்த ஓர் இயங்குதளக் கருனி அதற்கென்று தகவமைக்கப்பட்ட பிறகுதான் அது கணினியாகப் பயன்படும். அந்தத் தகவமைப்பு வேலை எவ்வாறு நடக்கிறது, பல நாடுகளில் நடந்த உழைப்பு சென்னைக்கு எவ்வாறு கைகொடுத்தது, இன்னும் எவை நம் கைக்கு வரவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கருனி என்றால் என்ன?

இயங்குதளத்தின் மையப் பகுதி கருனி (கெர்னல்) எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது, விசைப்பலகை, திரை, வட்டு முதலிய சாதனங்களோடு பேசுவது ஆகியவை இதன் பணிகள். பயனர் திறக்கும் உலாவியோ எழுதும் செயலியோ வன்பொருளை நேரடியாகத் தொடுவதில்லை. கருனியிடம் கேட்டே பெறுகின்றன.

ஒவ்வொரு நுண்செயலிக் குடும்பத்துக்கும் தனித்த கட்டளைத் தொகுதி உண்டு. இன்டெல் செயலிக்குப் புரியும் கட்டளை ஆர்ம் செயலிக்குப் புரியாது. ஆர்ம் செயலிக்குப் புரிவது ரிஸ்க்-விக்குப் புரியாது. எனவே ஒரு செயலிக்காக உருவாக்கிய கருனியை அப்படியே எடுத்து வேறொரு செயலியில் வைத்தால் அது ஓர் அடிகூட நகராது.

இடம்பெயர்த்தலின் வரலாறு

தொடக்கக் காலத்தில் இயங்குதளங்கள் ஒரே ஓர் இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டன. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸும் முதலில் பிடிபி-7 என்னும் கணினிக்காக எழுதப்பட்டதே. 1973இல் அது சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன் பின்னரே வேறு கணினிகளுக்கு அதைக் கொண்டுசெல்ல வழி பிறந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தில் இன்டர்டேட்டா 7/32 என்னும் கணினிக்கு யுனிக்ஸ் இடம்பெயர்க்கப்பட்டது.

லினக்ஸின் கதையும் இதைப் போன்றதே. 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் முயற்சியை அறிவித்தபோது, அது இன்டெல் 386 செயலியின் சிறப்புக் கூறுகளையே நம்பியிருந்தது. அது வேறு செயலிகளுக்குப் போகாது என்றே அவர் கருதினார். முதல் வெளியீட்டில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. ஆயினும் 1995 மார்ச்சில் வெளிவந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய செயலிகளையும் ஏற்றது. அதற்காகக் கருனியின் மூலநிரல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானது ஒரு பகுதி. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் உரியது மற்றொரு பகுதி. இப்பிரிவினை இன்றும் தொடர்கிறது.

இப்போது கருனியில் 2 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. எந்த ஒரு கணினிக்கும் இவை அனைத்தும் தேவைப்படா. வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து வேண்டாதவற்றை விலக்க ஒரு முறை தேவைப்பட்டது. 2002 முதல் இப்பணியைச் செய்துவருவது கேகான்ஃபிக் என்னும் அமைப்பு. ஒவ்வொரு வசதிக்கும் "ஆம்", "இல்லை", "தேவைப்படும்போது ஏற்றிக்கொள்" என்னும் விடைகளில் ஒன்றைத் தருமாறு இது கேட்கிறது. விடைகள் ஒரு கோப்பில் பதிவாகின்றன. அக்கோப்பின்படியே கருனி கட்டப்படுகிறது.

சென்னையில் சக்தி

இந்தியா கணினிக்குப் பிறரை நம்பியிருந்ததன் இடர்ப்பாடு 1980களிலேயே உணரப்பட்டது. மீக்கணினிகளை வாங்குவதில் அமெரிக்கக் கட்டுப்பாடுகளைச் சந்தித்த நிலையில் 1988இல் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1991இல் அது பரம் 8000 மீக்கணினியை உருவாக்கியது. ஆனால் அதனுள் இருந்த செயலிகள் பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனத்துடையவை. 2007இல் சென்னை சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அயல்நாட்டுச் செயலி பொருத்திய கணினிகளிலேயே இயங்கியது. செயலி என்னும் அடித்தளம் அப்போதும் வெளியிலிருந்தே வந்தது.

செயலியை வடிவமைக்க முதலில் ஒரு கட்டளைத் தொகுதி வேண்டும். இன்டெல், ஆர்ம் ஆகியவற்றின் கட்டளைத் தொகுதிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த இயலாது. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன், ஆண்ட்ரூ வாட்டர்மேன், யுன்சப் லீ ஆகியோர் ரிஸ்க்-வியைத் தொடங்கினர். இதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இந்த வாய்ப்பை ஐ.ஐ.டி. மதராஸின் ரைஸ் ஆய்வுக்குழு பற்றிக்கொண்டது. பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் 2014 முதல் இக்குழு ரிஸ்க்-வி அடிப்படையில் சக்தியை வளர்த்தது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் இதற்கு ஆதரவளித்தது.

சக்தி குடும்பத்தில் பல வகைகள் உள்ளன. ஈ-வகை சிறு கருவிகளுக்கானது. அதில் ஃப்ரீஆர்டாஸ் போன்ற சிறிய இயங்குதளங்கள் ஓடும். சி-வகை ஐந்து படிநிலைகள் கொண்ட 64 பிட் செயலி. நினைவக மேலாண்மைப் பகுதி இதில் இருப்பதால் லினக்ஸை முழுமையாகத் தாங்கும். ஐ-வகை இன்னும் உயர்ந்த திறனை நோக்கியது. எந்த வகை என்பதைப் பொறுத்தே எந்தக் கருனி என்பதும் தீர்மானமாகிறது.

ஒரே பதிப்பில் இரு நிகழ்வுகள்

2018 ஜனவரி மாதத்தில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரு பாதுகாப்புக் குறைபாடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. உலகெங்கும் புழக்கத்திலிருந்த செயலிகளின் உள்ளமைப்பிலேயே இருந்தவை அவை. விற்றுவிட்ட சில்லுகளைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஓட்டையை அடைக்கும் பொறுப்பு பெரிதும் கருனியின் மீது விழுந்தது. இதனால் லினக்ஸ் 4.15 பதிப்பு தாமதமாகி, ஜனவரி 28 அன்று வெளிவந்தது.

அதே 4.15 பதிப்பில்தான் ரிஸ்க்-வி கட்டமைப்பும் முதன்முதலாக இடம்பெற்றது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியார் பார்க்க முடியாத செயலிகளின் குறையைக் கருனி ஈடுசெய்த வேளையில், திறந்த கட்டமைப்பு ஒன்றுக்கும் அது கதவைத் திறந்தது. எனினும் அந்த நுழைவு முழுமையானதன்று. தேவையான சாதன இயக்கிகள் அதில் சேரவில்லை. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, நேரங்காட்டி ஆகியவற்றுக்கான இயக்கிகள் அவ்வாண்டு அக்டோபரில் வந்த 4.19 பதிப்பில்தான் இணைந்தன. இடைக்காலத்தில் வன்பொருளில் லினக்ஸை இயக்க விரும்பியவர்கள், அதிகாரப்பூர்வப் பதிப்போடு கூடுதல் நிரல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. ரைஸ்கிரீக் சில்லில் லினக்ஸ் இயங்கியது இந்த இடைக்காலத்தில்தான்.

தகவமைக்கும் முறை

ரிஸ்க்-வி செயலிக்குக் கருனியைத் தகவமைக்கும் பணியைக் கீழ்க்காணும் படிகளாகப் பிரிக்கலாம்.

1. கட்டமைப்பைக் குறிப்பிடுதல்: கருனி பெரும்பாலும் வேறொரு கணினியில்தான் கட்டப்படுகிறது. இன்டெல் கணினியில் அமர்ந்து ரிஸ்க்-விக்கான கட்டளைகளை உருவாக்கித் தரும் நிரல்மாற்றி குறுக்கு நிரல்மாற்றி (கிராஸ் கம்பைலர்) எனப்படும். இலக்குக் கட்டமைப்பு ரிஸ்க்-வி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2. கட்டளை நீட்சிகளைப் பொருத்துதல்: ரிஸ்க்-வியின் அடிப்படைக் கட்டளைகள் ஐ என்னும் எழுத்தால் குறிக்கப்படும். பெருக்கல், வகுத்தலுக்கு எம். பிரிபடாச் செயல்களுக்கு ஏ. தசமக் கணக்குகளுக்கு எஃப், டி. சுருக்கக் கட்டளைகளுக்கு சி. இவற்றுள் எவை சில்லில் உள்ளனவோ அவற்றை மட்டுமே கருனி பயன்படுத்த வேண்டும். சுருக்கக் கட்டளைகள் இல்லாத சில்லில், அவற்றைக் கொண்டு கட்டிய கருனியை ஏற்றினால், அத்தகைய முதல் கட்டளையிலேயே செயலி நின்றுவிடும். திரையில் பிழைச் செய்திகூட வராமல் போகலாம்.

3. நினைவகத்தை வரையறுத்தல்: 64 பிட் ரிஸ்க்-வியில் பரவலாக உள்ள எஸ்வி39 முறை 39 பிட் முகவரிகளைக் கையாள்கிறது. அதாவது 512 ஜிகாபைட் மெய்நிகர் நினைவகப் பரப்பு. இது 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு மூன்று அடுக்கு அட்டவணையால் நிர்வகிக்கப்படுகிறது.

4. தொடக்க நிரலை அமைத்தல்: ரிஸ்க்-வியில் மூன்று அதிகார நிலைகள் உண்டு. இயந்திர நிலையில் தொடக்க நிரலும், மேற்பார்வை நிலையில் கருனியும், பயனர் நிலையில் மற்ற நிரல்களும் ஓடும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தொடக்க நிரலே. அது வன்பொருளைத் தயார்செய்த பின் கருனியிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

5. சாதன மரத்தைத் தருதல்: எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்பவற்றை விவரிக்கும் கோப்பு சாதன மரம் (டிவைஸ் ட்ரீ) எனப்படும். புதிய பள்ளியில் சேரும் ஆசிரியரிடம் வகுப்பறைகளின் வரைபடத்தையும் வருகைப் பதிவேட்டையும் கொடுப்பது போன்றது இது. இதில் ஓர் எண் தவறினாலும் கருனி இல்லாத இடத்தில் சாதனத்தைத் தேடும்.

6. முதல் செய்தியைப் பெறுதல்: சில்லோடு திரை இணைந்திருக்காது. ஒரு தொடர்முனை (சீரியல் போர்ட்) வழியாக எழுத்துகள் வேறொரு கணினிக்கு வரும். கருனியின் பதிப்பு எண் அங்கே தோன்றினால்தான் முந்தைய படிகளில் பெரும்பாலானவை சரி என்று தெரியும்.

இச்சோதனைகளைச் சில்லு வார்க்கும் முன்பே செய்துபார்க்க எஃப்பிஜிஏ பலகைகள் உதவுகின்றன. இவற்றின் உட்சுற்றுகளை விரும்பியவாறு மாற்றியமைக்கலாம். சக்தியின் வடிவமைப்புகளையும் ஆர்ட்டி ஏ7 என்னும் பலகையில் ஏற்றிப் பார்க்க முடியும். சில்லு ஆலையிலிருந்து வந்த பின் பிழை தெரிந்தால் அதைத் திருத்த வழியில்லை. பலகையில் தெரிந்தால் வடிவமைப்பைத் திருத்தி மறுநாளே மீண்டும் முயலலாம்.

ஆரிகன் முதல் சண்டிகர் வரை

ரைஸ்கிரீக் சென்னையில் வடிவமைக்கப்பட்டாலும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. அதே 2018இல் ரிமோ என்னும் சக்திச் சில்லு சண்டிகரிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. இதனால் வடிவமைப்பு, வார்ப்பு இரண்டும் இந்தியாவிலேயே நடந்தன. 180 நானோமீட்டர் என்பது பழைய நுட்பம். வேகமும் குறைவு. ஆனால் கருனியின் பார்வையில் ஆலை எது என்பது பொருட்டன்று. கட்டளைத் தொகுதி ஒன்றாக இருக்கும்வரை ஒரே மூலநிரலிலிருந்து இரண்டுக்கும் கருனியைக் கட்டலாம். வேறுபடும் விவரங்களைச் சாதன மரத்தில் எழுதினால் போதும்.

2020இல் மௌஷிக் என்னும் சில்லு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சக்தி, வேகா செயலிகளைக் கொண்டு புதிய கருவிகளை உருவாக்கும் சுதேசி நுண்செயலிப் போட்டியை மத்திய அரசு 4.30 கோடி ரூபாய் நிதியுடன் அறிவித்தது. வேகா என்பது திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய ரிஸ்க்-வி செயலி. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐ.ஐ.டி. மதராஸும் இணைந்து, விண்வெளிப் பயன்பாட்டுக்கான சக்தி வழிவந்த ஐரிஸ் சில்லை அறிவித்தன. இதுவும் சண்டிகரில் வார்க்கப்பட்டதே.

எஞ்சியுள்ளவை

திறந்த கட்டமைப்பு என்பதாலேயே எல்லாம் தன்னிறைவு அடைந்துவிடவில்லை. சக்தியின் வடிவமைப்பு எழுதப்பட்ட புளூஸ்பெக் மொழியின் நிரல்மாற்றி 2020 ஜனவரி வரை மூடிய மென்பொருளாகவே இருந்தது. நுண்ணிய நானோமீட்டர் அளவில் சில்லு வார்க்க இன்னும் அயல்நாட்டு ஆலைகளே தேவைப்படுகின்றன.

மற்றொரு பாடமும் உண்டு. ரிஸ்க்-வி நுழைந்த அதே 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் 4.17 பதிப்பு, பிளாக்ஃபின், டைல் உள்ளிட்ட எட்டுக் கட்டமைப்புகளை நீக்கியது. பராமரிக்க ஆளும் பயன்படுத்துவோரும் அருகிப்போனதே காரணம். லினக்ஸ் பிறந்த 386 செயலிக்கான ஆதரவே 2013இல் 3.8 பதிப்போடு முடிவுக்கு வந்தது. ஒரு கட்டமைப்பைக் கருனியில் சேர்ப்பதைவிட அதைத் தொடர்ந்து காப்பதே கடினம். நாற்று நட்டவர் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் விளைச்சல் இல்லை.

ரிஸ்க்-வியைப் பொறுத்தவரை நிலைமை நம்பிக்கை தருகிறது. பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன், 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் ரிஸ்க்-வியை முதன்முறையாக அதிகாரப்பூர்வக் கட்டமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. இந்த வேலையில் பங்குபெற ஆய்வகம் தேவையில்லை. சில்லே கையில் இல்லாவிட்டாலும், கியூஎமு என்னும் இலவச மென்பொருள் சாதாரணக் கணினிக்குள் ஒரு ரிஸ்க்-வி கணினியைப் போலச் செயல்பட்டுக் காட்டும். நெட்டப்பாக்கத்திலோ பாகூரிலோ வில்லியனூரிலோ உள்ள ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியிலேயே கருனியைத் தகவமைத்து, கட்டி, இயக்கிப் பார்க்கலாம். சக்தி போன்ற செயலிகள் நிலைத்திருப்பது, இவ்வேலை தெரிந்தவர்கள் அடுத்தடுத்த தலைமுறையிலும் இருப்பதைப் பொறுத்தே அமையும்.