வாங்க முன் பாவித்துப் பார்: பூட்டிய மென்பொருள்களின் கதை

கணினி பாவிக்கும் நம்மில் பலருக்கு வின்ராரின் அந்தச் சின்னப் பெட்டி நல்ல பழக்கம். 40 நாள் பாவித்துப் பாருங்கள், பிறகு காசு கொடுத்து வாங்குங்கள் என்று சொல்லும். 40 நாள் முடிந்த பிறகும் மென்பொருள் வேலை செய்துகொண்டே இருக்கும். பெட்டி மட்டும் திரும்பத் திரும்ப வந்து நினைவூட்டும். நாமும் அதை மூடிவிட்டு நமது வேலையைப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடி.

அந்தப் பகிடிக்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான ஒரு வாக்குவாதம் இருக்கிறது. விற்பவர் வாங்குபவரை எவ்வளவு தூரம் நம்பலாம்? நம்பிக் கொடுத்து காசு வராவிட்டால், பொருளில் பாதியைப் பூட்டி வைப்பது நியாயமா? இன்று பிள்ளைகளின் ஃபோனில் இருக்கும் ஒவ்வொரு 'இலவச' செயலியும் இந்தக் கேள்வியைத்தான் சுமந்து வருகிறது. அதனால் இந்த வரலாற்றை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கதை 1982இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. ஐபிஎம் பீசி சந்தைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கலிபோர்னியாவில் அன்ட்ரூ ஃபுளூகல்மன் என்பவர், வேறு வகைக் கணினி வைத்திருந்த சக எழுத்தாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியவற்றைத் தொலைபேசி வழியாக அனுப்பவும் பெறவும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. தானே எழுதினார். பெயர் பீசி-டோக்.

விற்பதற்கு அவர் கடை தேடவில்லை. "பிரதி எடுங்கள், நண்பர்களுக்கும் கொடுங்கள். பயன்பட்டால் 25 டொலர் அனுப்புங்கள்" என்ற கருத்தில் மென்பொருளுக்குள்ளேயே ஓர் அறிவித்தல் போட்டார். பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது.

அதே வருடம் சியாட்டில் பக்கத்தில் ஐபிஎம் ஊழியர் ஜிம் நொப்ஃப், தான் எழுதிய தரவு மென்பொருளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேவாலயம் ஒன்றின் அங்கத்தவர்களுக்குக் கடித முகவரிகள் அச்சிட எழுதிய சின்ன வேலை அது. கேட்போர் கூடக்கூட, தபால் செலவும் நேரமும் தாங்க முடியாமல் போனது. எனவே விரும்பியவர்கள் 10 டொலர் அனுப்பலாம் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். இருவரையும் அறிந்த பாவனையாளர் ஒருவர் மூலம் இவரும் ஃபுளூகல்மனும் தொடர்பானார்கள். மென்பொருளுக்கு பீசி-ஃபைல் என்று பெயர் மாற்றி, விலையை 25 டொலராக ஒன்றாக்கி, ஒருவர் மற்றவரது மென்பொருளைச் சிபாரிசும் செய்தார்கள்.

காசு வந்ததா? வந்தது. 1984இல் நொப்ஃப் ஐபிஎம் வேலையையே விட்டார். மென்பொருள் வருமானம் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டியிருந்தது. யாரும் பூட்டுப் போடவில்லை, யாரும் துரத்தவில்லை. நாம் அமானிதம் என்று சொல்வோமே, அப்படி ஒப்படைத்த பொருளுக்கு முன்பின் அறியாத மனிதர்கள் தபாலில் காசு அனுப்பினார்கள்.

மூன்றாமவர் பொப் வொலஸ். மைக்ரோசொப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர். 1983இல் வெளியேறி பீசி-ரைட் என்ற சொற்செயலியை விட்டார். வட்டு 10 டொலர், பதிவு செய்தால் 75 டொலர். பதிவு செய்தவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். அவர் கொடுத்த பிரதியைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால் முதலாமவருக்கு 25 டொலர் கொமிஷன். 'ஷெயார்வெயார்' என்ற பெயரை ஊரறியச் செய்தவரும் இவர்தான்.

இந்த மூவரிடமும் ஒரு பொதுக்குணம். கொடுத்தது முழுப் பொருள். காசு கொடுத்தவருக்கு அச்சடித்த கைநூலும் உதவியும் புதிய பதிப்பும் கிடைக்கும். ஆனால் கொடுக்காதவரின் கையில் இருந்ததும் ஊனமில்லாத மென்பொருள்தான்.

இனி கதையின் கசப்பான பக்கம். இவர்கள் வென்றதைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் இந்த வழிக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காசு வரவில்லை. பாவித்தவர்களில் மிகச் சிறு பகுதியினரே அனுப்பினார்கள். இதற்கிடையில் வட்டுகளைப் பிரதி எடுத்துச் சில டொலருக்கு விற்ற வியாபாரிகள் வந்தார்கள். அந்த வட்டை வாங்கியவர் "நான்தான் காசு கொடுத்துவிட்டேனே" என்று நினைத்தார். எழுதியவருக்கோ ஒரு சதமும் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் பூட்டுகள் வந்தன. சில மென்பொருளில் அச்சிட முடியாது. சிலவற்றில் சேமிக்க முடியாது. சிலவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பதிவுகள் போட முடியாது. சில குறித்த நாளில் நின்றுவிடும். இவற்றை ஆங்கிலத்தில் முடமாக்கப்பட்ட மென்பொருள் என்ற அர்த்தத்தில் கேலியாகப் பெயர் வைத்து அழைத்தார்கள். வின்ரார் போல நினைவூட்டிக்கொண்டே இருப்பவற்றுக்கு நச்சரிக்கும் மென்பொருள் என்று பெயர்.

1987இல் ஷெயார்வெயார் எழுதுவோர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் முக்கிய விதிகளில் ஒன்று, அங்கத்தவர்கள் தமது மென்பொருளை முடமாக்கி விடக்கூடாது என்பது. நியாயம் எளிமையானது. 'வாங்க முன் பாவித்துப் பார்' என்று சொல்லிவிட்டு, பார்க்க வேண்டிய பகுதியையே மறைத்தால் பாவிப்பவர் எதைப் பரீட்சித்தார்? அச்சுப் பிரதி எப்படி வரும் என்று தெரியாமல் சொற்செயலிக்குக் காசு கொடுப்பது எப்படி?

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். "முழுவதையும் கொடுத்தேன், நீங்கள் காசு தரவில்லை. என் உழைப்பில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா?" இதில் பிழை சொல்ல முடியாது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி இலவசமாகக் கொடுக்க வைக்கவில்லையே. 1990களில் சங்கத்தின் அந்த விதியும் தளர்ந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டியவர் டெக்ஸாஸைச் சேர்ந்த ஸ்கொட் மில்லர். அவரும் முதலில் முழு விளையாட்டுகளைக் கொடுத்துக் காசை எதிர்பார்த்தார், போதியளவு வரவில்லை. 1987இல் குரோஸ் என்ற விளையாட்டில் முறையை மாற்றினார். முதல் பாகம் முழுமையாக இலவசம், அடுத்த பாகங்களுக்குக் காசு. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டும் இப்படித்தான். மூன்று பாகங்களில் முதலாவதை உலகமே இலவசமாக விளையாடியது. அந்த முதல் பாகத்துக்கு ஆரம்பம் இருந்தது, முடிவும் இருந்தது. பிடித்தவர் காசு கொடுத்தார். பிடிக்காதவர் எதையும் இழக்கவில்லை.

'எதையும் இழக்கவில்லை' என்ற இடத்தில்தான் முழு விடயமும் இருக்கிறது என்பது எனது கருத்து.

எழுதியவர் தனது பொருளில் ஒரு பகுதியைத் தரமாட்டேன் என்று சொல்லலாம். அது அவருடையது. ஆனால் பாவிப்பவரின் உழைப்பைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. தையற்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் கூலி கேட்பதில் குறையில்லை. ஆனால் "சும்மா தைத்துத் தருகிறேன்" என்று நமது துணியை வாங்கி, பெருநாளைக்கு முதல் நாள் இரவு "காசு தந்தால்தான் உடுப்பு" என்றால்? அதைக் கூலி என்று யார் சொல்வார்?

இன்று நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பிள்ளை இரண்டு நாளாக ஒரு பாடசாலைக் காணொளியைத் தொகுக்கிறது. எல்லா வசதியும் திறந்தே கிடக்கிறது. கடைசியில் சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரிகிறது, காசு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் மேல் செயலியின் பெயர் பெரிதாக விழும். அந்தப் பூட்டு முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால் பிள்ளை வேறு வழி பார்த்திருக்கும். உழைப்பு உள்ளே போகும்வரை காத்திருந்து போட்ட பூட்டு அது.

ஆகவே ஒரு 'இலவச' செயலியைத் தொட முன் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எது பூட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்கிறார்களா? நான் செய்த வேலையைக் காசில்லாமல் வெளியே எடுக்க முடியுமா? நாள் முடிந்த பிறகு எனது பழைய கோப்புகளைத் திறக்கவாவது விடுவார்களா? இரண்டு வரியில் ஒரு சின்ன வேலை செய்து, சேமித்துப் பார்த்தால் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். லிப்ரே ஓபிஸ் போன்ற, உண்மையிலேயே கட்டணமும் பூட்டும் இல்லாத மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றையும் பழக்குங்கள்.

நமது பக்கத்தையும் பார்ப்போம். அந்தப் பூட்டுகள் வானத்திலிருந்து விழவில்லை. நம்பிக் கொடுத்தவர்களுக்குக் காசு போகாததால் வந்தவை அவை. கொமியூனிகேஷன் வைத்திருப்பவர், படம் எடுப்பவர், கடைக்கணக்கு எழுதுபவர் என்று ஒரு மென்பொருளால் தினமும் உழைப்பவர்கள் நமக்குள் பலர். 'கிராக்' போட்டுப் பாவிப்பதை யாரும் களவு என்று நினைப்பதே இல்லை. பாவித்துப் பார்ப்பதற்குத்தான் அனுமதி கிடைத்தது. பார்த்து முடித்து, பிடித்து, அதால் வருமானமும் வந்த பிறகு எழுதியவரின் பங்கு நமது கையில் நிற்கும் கடன்தான்.

உங்கள் வீட்டுக் கணினியில், ஃபோனில் இப்படி என்னென்ன இருக்கின்றன, எது முதலிலேயே சொல்லியது, எது கடைசியில் பூட்டியது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். மற்றப் பெற்றோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.