பதினெட்டு வயதில் நின்றுபோகும் உதவி

வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா உடல் முடங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகள் கதி என்ன? அமெரிக்கா இதற்குப் பதில் சொல்ல ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது நண்பர்களே.

அங்கே சோஷியல் செக்யூரிட்டி சட்டம் 1935-லேயே வந்துவிட்டது. உடல் முடங்கிய தொழிலாளிக்கு மாதத்தொகை என்பது 1956-ல்தான். அதுவும் 50 வயது ஆகியிருக்க வேண்டுமாம்! சின்னப் பிள்ளைகள் இருப்பது முப்பது, நாற்பது வயதுக்காரர் வீட்டில் அல்லவா? 1958-ல் பிள்ளைகளுக்கும் உண்டு என்றார்கள். 1960-ல் அந்த 50 வயது நிபந்தனை போனபிறகுதான் பணம் சரியான வீட்டுக்குப் போனது.

ஒரு பிள்ளைக்கு, பெற்றவர் வாங்கும் தொகையில் பாதி வரை. குடும்பத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் பிள்ளைகள் கூடினால் பங்கு சுருங்கும்.

1965-ல் இன்னொரு நல்லது நடந்தது. முழுநேரம் படித்தால் 22 வயது வரை கிடைக்கும் என்றார்கள். அதாவது காலேஜ் முடியும்வரை! 1981-ல் ரீகன் ஆட்சி இதை வெட்டியது. 1982 மே மாதத்துக்குள் கல்லூரியில் சேராதவர்களுக்குக் கிடையாது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் படிப்படியாகக் குறைத்து 1985-ல் நிறுத்தினார்கள். படிப்புக்குத்தான் கல்விக்கடனும் மானியமும் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு இது இடிக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு வருவது இன்ஷூரன்ஸ், கடன் என்பது பாக்கி. இரண்டும் ஒரே கணக்கில் வருமா?

இப்போது 18 வயதோடு சரி; பள்ளி முடிக்காதவருக்கு 19. (பிள்ளைக்கே ஊனம் என்றால் விதி வேறு.) தந்தையை இழந்த பிள்ளைகளும் இதே உதவியில்தான் படித்தார்கள். அது நின்றதும் அவர்கள் கல்லூரியில் சேர்வது கணிசமாகக் குறைந்ததை சூசன் டைனார்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 2003-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.