கண்டியிற் பிறந்த கற்பனை நாவல்

அற்புதக் கதைகளைப் படிப்பது வீண்பொழுது என்னும் எண்ணம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பேசும் கிளியும் பறக்கும் குதிரையும் சிறுவர்க்கே உரியவை என்பர். வருங்கால யந்திரங்களைப் பற்றிய விஞ்ஞான நவீனங்கள் மேலைத்தேயத்தாரின் பொழுதுபோக்கு என்பர். கற்றோர் கைக்கொள்ள வேண்டிய நூல்கள் வேறு என்றும் கூறுவர். இவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு ஈழத்துத் தமிழ் நாவலின் பிறப்பே தக்க சான்றாகும். அந்நாவல் தொலைதேசங்களின் வியப்பைச் சொல்லும் கற்பனைக் கதையாகவே பிறந்தது. அதனை எழுதியவர் கண்டி மாநகரின் சட்டத்தரணி ஒருவர்.

அவரே முகம்மது காசிம் சித்திலெவ்வை. 1838ஆம் ஆண்டு பிறந்து 1898ஆம் ஆண்டு மறைந்தவர். அவர் வாழ்ந்த காலத்துக் கண்டி விரைவாக மாறிக்கொண்டிருந்த நகரம். 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியின் இலைகளிற் கண்ட நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் பெருஞ்செல்வத்தையே அழித்தது. உலகம் மாறுகிறது என்பதைக் கண்டிவாசிகள் கண்ணெதிரே கண்டனர். ஆயினும் அம்மாற்றத்தை எதிர்கொள்ள வேண்டிய கல்வி எல்லார்க்கும் எட்டவில்லை. ஆங்கிலக் கல்வி சமயத்திற்குக் கேடு விளைக்கும் என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் பலர், பிள்ளைகளைப் புதிய பாடசாலைகளுக்கு அனுப்பாது நின்றனர்.

இவ்வச்சத்தைப் போக்குவதையே சித்திலெவ்வை தம் வாழ்வின் பணியாகக் கொண்டார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பாடப் புத்தகங்கள் எழுதினார். கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிப்பதற்கு வழிசெய்தார். 1883ஆம் ஆண்டு சனவரியில், எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அறாபி பாஷா தம் தோழருடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய வருகை இந்நாட்டு முஸ்லிம்களிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கியது. பின்னர் 1892 முதல் 1901 வரை அவர் கண்டியிலேயே வாழ்ந்தார். கொழும்பு மருதானையிற் பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தின் தோற்றத்தில் இவ்விருவரின் பெயர்களும் இணைந்துள்ளன.

பத்திரிகையும் பாடசாலையும் நடத்தியவர் 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் நீதித்துறையிலே முன்சீப்பாக விளங்கியவர் என்பது நோக்கத்தக்கது.

அசன்பேயின் கதை எகிப்தில் தொடங்குகிறது. உயர்குடியிற் பிறந்த மகவு களவாடப்பட்டு, பெற்றோரை அறியாது பம்பாயில் வளர்கிறது. இளைஞனானதும் அவன் கல்கத்தாவை அடைந்து கல்வியும் நற்பெயரும் பெறுகிறான். பல இடையூறுகளைக் கடந்தபின் தன் பிறப்பின் உண்மையை அறிகிறான். குழந்தை தொலைவதும், அயலார் வீட்டில் வளர்வதும், ஈற்றில் குலம் வெளிப்படுவதும் பழைய அற்புதக் கதைகளின் கட்டுக்கோப்பே. மதனகாமராசன் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் ஒருவர் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. அம்மக்கள் விரும்பிய பாத்திரத்திலேயே சித்திலெவ்வை புதிய உணவைப் பரிமாறினார். பழங்கதையிலே மந்திரவாள் செய்யும் வேலையை இக்கதையிலே கல்வியும் நல்லொழுக்கமும் செய்கின்றன.

ஈழத்து மண்ணின் வாழ்வை இந்நாவல் காட்டவில்லை என்று பிற்கால விமரிசகர் குறைகூறியதுண்டு. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’யும் அக்குறைக்கு ஆளாயிற்று. பிறந்தவுடன் பிரிந்த இரட்டையரில் ஒருவன் கரடியால் வளர்க்கப்படுவதைக் கூறும் பழைய ஐரோப்பியக் கதையொன்றின் தமிழ் வடிவம் அது. குறையில் உண்மையுண்டு. ஆயினும் தன் ஊரை மட்டுமே கண்ட வாசகனுக்கு வேறோர் உலகைக் காட்டுவதும் இலக்கியத்தின் பணியே. கெய்ரோவையும் கல்கத்தாவையும் மனக்கண்ணாற் கண்டவன், தன் பிள்ளை கற்கக்கூடாதா என்று தன்னையே வினவத் தொடங்குவான். வியப்பு வினாவாக மாறும் அவ்விடத்திலேதான் கற்பனை நாவலின் பயன் உள்ளது.

அயல்நாட்டு வியப்பை நோக்கிச் சென்ற கற்பனை, அடுத்த நூற்றாண்டில் இத்தீவையே வியப்பின் களமாகக் கண்டது. 1956இல் இலங்கையிற் குடியேறி 2008இல் இங்கேயே மறைந்த ஆதர் சி. கிளார்க், 1979இல் ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ என்னும் விஞ்ஞான நாவலை வெளியிட்டார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் பெருந்தூக்கி ஒன்றைப் பொறியியலாளர் ஒருவர் அமைக்க முயல்கிறார். அதற்குரிய மலையுச்சியிலோ துறவிகளின் மடம் இருக்கிறது. சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் வேறு பெயரிட்டு, தீவையே தெற்கே நிலநடுக்கோட்டிற்கு நகர்த்திக் கதையை அமைத்தார் ஆசிரியர். யந்திரத்தின் நுட்பம் ஒருபுறம் இருக்க, முன்னேற்றத்திற்காக மக்கள் போற்றும் தலமொன்றை எடுத்துக்கொள்ளலாமா என்பதே அந்நாவலின் உள்ளீடு. நீர்த்தேக்கங்களின் கீழ்ப் பழைய ஊர்கள் மறைந்த மலைநாட்டின் வாசகருக்கு அவ்வினா அந்நியமானதன்று.

அண்மைக் காலத்தில் இந்நாட்டவரே இத்துறையில் உலகப் புகழ் பெற்றுள்ளனர். ஷெஹான் கருணாதிலக்கவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொலையுண்ட புகைப்படக்காரன் ஒருவனின் ஆவி, ஏழு இரவுகளுக்குள் தன் மரணத்தின் உண்மையைத் தேடும் கதை அது. வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2023இல் வெளிவந்து நெபியூலா விருதைப் பெற்றது. தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட, நிழலற்ற ஒருவன் அதன் நாயகன். ஆவியும் நிழலின்மையும் வெறும் வேடிக்கைகளல்ல. நேரிற் சொல்ல நாத் தயங்கும் கொடுமைகளைச் சொல்வதற்கு அவ்வாசிரியர் கண்ட வழிகள் அவை.

தமிழ் வாசகர் இந்நூல்களை எவ்வாறு அணுகலாம்? புதியதை நாடும் இளைஞர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்கலாம். யந்திர நாய் ஒன்றின் குறும்புக்கிடையே, சர்வாதிகாரத்தின் இயல்பை அது எளிதாக உணர்த்தும். அதன்பின் கிளார்க்கையும், பின்னர் மேற்கூறிய இருவரையும் படிப்பது ஏற்றது. இவற்றோடு ‘அசன்பே சரித்திர’த்தையும் ஒருமுறை புரட்டுதல் வேண்டும். அதன் நடை பழையது. நிகழ்ச்சிகள் சில நம்புதற்கரியன. எனினும், அறியாத உலகைக் காட்டி அச்சத்தைப் போக்கலாம் என்னும் நம்பிக்கை அதன் ஒவ்வோர் அத்தியாயத்தின் பின்னாலும் நிற்கிறது.

சித்திலெவ்வை காலத்துப் பெற்றோர் ஆங்கிலப் பாடசாலைக்கு அஞ்சினர். இக்காலத்துப் பெற்றோர் பலர் பாடப் புத்தகத்தில் இல்லாத நாவலுக்கு அஞ்சுகின்றனர். பரீட்சைக்கு உதவாத நூலைக் கையிலெடுத்த பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், ஈழத்துத் தமிழரின் நாவல் இலக்கியம் எத்தகைய நூலோடு தொடங்கியது என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பது நன்று.