நீலப்பல் ராஜா

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் கம்ப்யூட்டர் திரையில் தோன்றினான். புதிதாக வாங்கிய கம்பியில்லாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். "இணைக்கப்பட்டது" என்று மூலையில் எழுத்தும் வந்தது. பையன் உதட்டை அசைத்தான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சிரித்த முகத்துடன் இரண்டு தடவை தலையை ஆட்டினேன். அவன் முகம் ஏனோ வாடிப் போயிற்று. பிறகு அவன் எழுதியனுப்பியதைப் பார்த்துத்தான் சங்கதி தெரிந்தது. "இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது போலிருக்கிறது, அப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் நான் அவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறேன்!

இந்த ஹெட்போனும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறைக்குப் புளூடூத் என்று பெயர். தமிழில் சொன்னால் நீலப்பல். அது ஒரு ராஜாவின் பட்டப் பெயர் என்பது வாசகர்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்டவன் ஹரால்ட். செத்துக் கறுத்துப்போன ஒரு பல்லினால் அவனுக்கு அந்தப் பெயர் ஏற்பட்டது என்பார்கள். சுமார் 958-ஆம் ஆண்டில், தந்தை கோர்ம் இறந்தபின் பட்டத்துக்கு வந்தான். யெல்லிங் என்னும் ஊரில் தாய் தந்தையரின் நினைவாக ஒரு பெரிய கல்லை நாட்டினான். டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றவன், டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று அதிலே தன் பெருமையையும் பொறித்து வைத்தான். பெற்றோரின் நினைவுக் கல்லில் பிள்ளையின் விளம்பரம்! போகட்டும்; கல்வெட்டு என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான்.

கல் மட்டுமல்ல, சுமார் 980-இல், யெல்லிங்குக்குத் தெற்கே, ராவ்னிங் என்ற சதுப்பு நிலத்தின் குறுக்கே ஏறக்குறைய 760 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாலமும் கட்டினான். பிரிந்து கிடப்பதையெல்லாம் சேர்த்துவிட வேண்டும் என்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை.

ஆயிரம் வருஷம் கழித்து, வேறு சிலருக்கும் அந்த ஆசை வந்தது. 1994-இல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், எரிக்ஸன் கம்பெனியில், யாப் ஹார்ட்சன் என்ற டச்சு எஞ்சினியர் டெலிபோனையும் அதன் துணைக் கருவிகளையும் கம்பியில்லாமல் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார். 1997-இல் அதே கம்பெனியைச் சேர்ந்த ஸ்வென் மாட்டிஸனும், இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக்கும் டொரான்டோ நகரில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து சரித்திரம் பேசினார்கள். பிரான்ஸ் பெங்ட்ஸன் எழுதிய வைக்கிங் நாவல் ஒன்றைப் பற்றி மாட்டிஸன் சொன்னார். ஹரால்ட் ராஜா வருகிற கதை அது. கார்டாக் ஊருக்குத் திரும்பி வைக்கிங் சரித்திரத்தைப் புரட்டினார். யெல்லிங் கல்லின் படத்தைப் பார்த்தார். தேசங்களைச் சேர்த்த ராஜாவின் பெயரையே, கம்ப்யூட்டரையும் டெலிபோனையும் சேர்க்கும் முறைக்குத் தற்காலிகமாக வைத்தார். 1998-இல் ஐந்து பெரிய கம்பெனிகள் இதற்காக ஒன்று கூடியபோது, சட்டப்படி சிக்கலில்லாத வேறு பெயர் சமயத்தில் அகப்படவில்லை. தற்காலிகமே நிரந்தரமாயிற்று. அதன் சின்னம்கூட ஹரால்டின் முதலெழுத்துகளைப் பழைய வைக்கிங் லிபியில் பின்னியதுதான். நாவல் படிப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, இணைந்த பிறகும் சத்தம் ஏன் வரவில்லை? இந்த முறையில் ரேடியோ அலை 79 பாதைகளில், வினாடிக்கு 1,600 தடவை வரை பாதை மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கருவிகளும் ஒரே தாளத்தில் தாவினால் அதுதான் இணைப்பு. ஆனால் எந்தக் குரலை யாரிடம் அனுப்புவது என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டருக்கு வாய்கள் பல. அதன் சொந்த ஒலிபெருக்கி ஒன்று; திரைக்குள் இருப்பது ஒன்று; ஹெட்போன் ஒன்று. எந்த வாயால் பேசுவது என்று நாம்தான் சில சமயம் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு ஹெட்போனே சில கம்ப்யூட்டர்களில் இரண்டு பெயரில் வந்து நிற்கும். ஒன்று சங்கீதம் கேட்க. மற்றது, மைக்கையும் சேர்த்துப் பேச. தவறான பெயரைத் தொட்டால் மௌனம். சில சமயம் அடுத்த அறையில் இருக்கும் டெலிபோன் ஹெட்போனைத் தன் வசமே வைத்திருக்கும். எதுவும் பலிக்காவிட்டால், பழைய உறவை இரு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்து வைக்க வேண்டும். முதல் சந்திப்பில் பரிமாறிக்கொண்ட ரகசியச் சாவியை இரண்டில் ஒன்று மறந்து போயிருக்கக்கூடும்.

என் விஷயத்தில் குற்றம் மிக அற்பமானது. மகனின் குரல் திரையிலிருந்த ஒலிபெருக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் ஒலியளவோ பூஜ்யம். அவன் பேசியதெல்லாம் என் கண்ணுக்கு நேரே வந்து, அங்கேயே அடங்கிப் போயிருக்கிறது.

ஹரால்டின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. யெல்லிங் கல்லில் அது இல்லை. சுமார் 986-இல் அவனுடைய மகன் ஸ்வெய்ன் கலகம் செய்தான். காயம் பட்ட ராஜா பால்டிக் கடற்கரையில் ஸ்லாவ் மக்களிடம் அடைக்கலம் புகுந்து, அங்கேயே இறந்தான் என்று பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். தேசங்களைச் சேர்த்தவனுக்கும், அவன் பிள்ளைக்கும் நடுவே என்ன பேச்சு நின்று போயிற்றோ! அவன் போட்ட மரப்பாலத்திலும் பழுது பார்த்த அடையாளம் கிடையாது.

மறுநாள் இரவு சரியான வாயைக் காட்டிவிட்டு மகனைக் கூப்பிட்டேன். "நேற்றுச் சொன்னதை முதலிலிருந்து சொல்லப்பா" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். வராததற்குக் காரணம், லீவு கிடைக்காதது மட்டுமல்ல. அவன் முடிக்கும் வரையில் நான் தலையை ஆட்டவில்லை.