கொச்சை மொழிக்கு இலக்கணம் கண்ட ஆசிரியர்

ஆண்டவர் இசுபானியர், குடியேறியவர் பிரெஞ்சுக்காரர், பின்னர்க் கைப்பற்றியவர் ஆங்கிலேயர். கரிபியன் கடலின் தென்கோடியிலுள்ள திரினிடாட் தீவின் மொழி வரலாற்றை இம்மூன்று தொடர்களில் அடக்கிவிடலாம் என்று தோன்றும். ஆயினும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அத்தீவின் பொதுமக்கள் பெரும்பாலும் பேசியது இம்மூவர் மொழிகளுள் எதுவுமன்று. அரிமா, துனாபூனா போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சிய பழங்குடி மொழியுமன்று.

1783-ஆம் ஆண்டில் இசுபானிய அரசு கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. மார்த்தினிக்கு, கிரனடா முதலிய தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தம் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து குவிந்தனர். அவ்வடிமைகள் பிரெஞ்சுச் சொற்களைக்கொண்டு ஆக்கிக்கொண்ட மொழியே கிரியோல். 1797-இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிய பின்னும் சந்தையிலும் கரும்புத் தோட்டத்திலும் அதுவே வழங்கிற்று. நீதிமன்றமும் பள்ளியும் படிப்படியாக ஆங்கிலத்துக்கு மாறின. விளைவு யாது? சாட்சி சொன்னது ஒன்று. மொழிபெயர்ப்பாளர் உரைத்தது வேறொன்று. ஆசிரியர் பேச்சு பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. படித்தோரோ கிரியோலைச் சிதைந்த பிரெஞ்சு என எள்ளினர்.

இக்குறை போக்க முனைந்தவர் ஜான் ஜேக்கப் தாமஸ். அடிமைகள் முழு விடுதலை பெற்ற 1838-க்குப் பின் சில ஆண்டுகளில் பிறந்தவர், நாட்டுப்புறப் பள்ளியாசிரியர். கிரியோலுக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணம் 1869-இல் வெளிவந்தது. மக்களின் பழமொழிகளையும் அதில் திரட்டித் தந்தார். ‘ம்வேன் கா மான்ஷே’ என்றால் நான் உண்கிறேன். ‘லி கா மான்ஷே’ என்றால் அவன் உண்கிறான். ‘கா’ என்னும் இடைச்சொல் நிகழ்காலத்தைக் காட்டும். வினையோ இடத்துக்கேற்ப மாறுவதில்லை. இதனைக் குறையென்று பழித்தனர். மலையாள வினைமுற்றும் பால் காட்டுவதில்லை. அதனால் அம்மொழியை இலக்கணமற்றது என்பார் உண்டோ?

கரிபியத் தீவினர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியர் ஃபுரூடுக்கு 1889-இல் தாமஸ் மறுப்பு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே இலண்டனில் மறைந்தார்.

இதற்கிடையே, 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் வந்திறங்கினர். கல்கத்தா வழி வந்தோர் மிகுதியாதலால் போஜ்புரி நெடுநாள் நிலைத்தது. சென்னைக் கப்பல்களில் வந்த தமிழர் தொகையிற் சிறியர். அவர்தம் மொழி பேரப்பிள்ளைகளை எட்டவில்லை.

ஆங்கிலப் பள்ளிகள் பெருகப் பெருக, தாமஸ் போற்றிய கிரியோலும் தேய்ந்தது. ஆங்கிலச் சொற்களாலான மற்றொரு கிரியோல் தெருவைப் பிடித்துக்கொண்டது. அவருடைய நூல் 1969-இல் இலண்டனில் மறுபதிப்புப் பெற்றபோது, அம்மொழி பெரும்பாலும் முதியோர் நாவில்தான் இருந்தது. இன்று பாராமின் போன்ற வடமலைச் சிற்றூர்களில் சிலரே அதனைப் பேசுகின்றனர்.