தவறணை: ஒரு சொல்லும் அதன் வரியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளர்ந்தவன் நான். சிறுவயதில் அம்மம்மாவிடம் 'தவறணை' என்றால் என்ன என்று கேட்டேன். "தவறை அணைச்சு வச்சிருக்கிற இடம், மனே" என்றார். பல ஆண்டுகள் அதுவே சொற்பொருள் என்று நம்பியிருந்தேன்.

உண்மையில் இது தமிழ்ச் சொல் அல்ல. இலத்தீனில் 'தபெர்னா' என்றால் குடில், சிறு கடை. அதிலிருந்து போர்த்துக்கேயரின் 'தவெர்ணா'வும் ஆங்கிலேயரின் 'டாவெர்ன்' என்ற சொல்லும் வந்தன. சிங்களத்தின் 'தெபேரும'வும் இதே குடும்பம்தான். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆனால் கதிரை, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண் என அவர்கள் மொழி நம் வீட்டுக்குள் தங்கிவிட்டது. தவறணையும் அந்த வரிசையில் வந்ததே. 'ற'கரம் போட்டு எழுதியதால் அது தமிழாகவே ஒலித்தது. அம்மம்மாவின் விளக்கமும் அங்கிருந்துதான் பிறந்தது.

அதற்காகக் குடியும் வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. கள், நறவு, தேறல் எல்லாம் பழந்தமிழ்ச் சொற்கள். பட்டினப்பாலை கள் விற்கும் இடத்தில் பறந்த கொடியைப் பேசுகிறது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நம் ஊர்களில் மரத்தடியிலும் கள்ளுக்கொட்டிலிலும் பிளாவில் ஊற்றிக் குடித்தார்கள்.

அப்படியானால் தவறணை புதிதாகக் கொண்டுவந்தது என்ன? அரசின் அனுமதியும் வரியும்தான். பிரித்தானியர் ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். கூடிய விலை கேட்டவர் குத்தகைக்காரர் ஆனார். இலங்கையின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் இந்தச் சாராயக் குத்தகைதான் என்பதைக் குமாரி ஜயவர்தன தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். 1912இல் வந்த சட்டம் கள்ளுக்குத் தனித் தவறணைகளைத் திறந்தபோது தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. இன்றும் அனுமதி வழங்கும் திணைக்களத்தின் பெயர் 'மதுவரி' என்றே இருக்கிறது. பெயரிலேயே வரி உண்டு.

வேறொரு வழியும் இருந்தது. 1970களில் வடக்கில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை ஏற்று நடத்தத் தொடங்கின. குத்தகைக்காரருக்குப் போன இலாபத்தில் ஒரு பங்கு மரம் ஏறியவர் கைக்கு வந்தது.

போருக்குப் பின் எங்கள் பக்கம் வந்தது அந்த வழி அல்ல. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. துறையில் பாதைக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. நல்லவையோடு போத்தல்களும் எளிதாக வந்தன. பெயர்ப்பலகைகளில் 'பார்', 'வைன் ஸ்டோர்ஸ்' என்று எழுதினார்கள். 2017இல் கல்குடாவில் எரிசாராய ஆலை கட்டுவதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 2024 டிசம்பரில் மதுபான உரிமங்களின் பட்டியல் நாடாளுமன்றத்துக்கே வந்தது. 'பார் பெர்மிட்' அரசியல் இலஞ்சமாகக் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டை ஊரெல்லாம் பேசியது.

பிள்ளையைப் பறிகொடுத்தவரும் காணாமல் போனவரைத் தேடிக் களைத்தவரும் குடிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. அந்தத் துயரத்தின் வாசலில் கடை வைக்க அனுமதித்தவர் யார், காசு யாரிடம் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

எங்கள் ஊரில் அதைக் கேட்டவர்கள் பெண்கள். புதிய கடைக்கு எதிராக மனு எழுத என்னை அழைத்தார்கள். நான் 'மதுபானசாலை' என்று எழுதினேன். போரில் கணவனை இழந்து நுண்கடனோடு மல்லுக்கட்டும் ஒரு அக்கா வாசித்துவிட்டுச் சொன்னார்: "தவறணை எண்டு எழுதுங்க தம்பி. சாலை எண்டா பள்ளிக்கூடம் மாதிரிக் கிடக்கு."

வெட்டிவிட்டுத் தவறணை என்றே எழுதினேன். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.