ஊறுகாய் ஜாடியின் கதை



எங்கள் குழு ஊறுகாய் போட ஆரம்பித்த வருஷம், சந்தையில் மலிவாகக் கிடைத்த பூப்போட்ட ஜாடி நாலு வாங்கினோம். எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்தோம். இரண்டே மாசத்தில் உள்பக்கப் பூச்சு உரிந்து ஊறுகாயோடு கலந்துவிட்டது. அத்தனையும் குழி தோண்டிக் கொட்டினோம். என் மாமியார், "ஜாடின்னா எல்லாம் ஜாடியா? மண்ணையும் பாக்கணும், பூச்சையும் பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நம்ம மண்பானை. குளத்துக் களிமண்ணில் மணல் கலந்து, மிதித்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, சூளையில் சுடுவது. கீழடியில் தோண்டி எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். சாயம் எதுவும் பூசுவதில்லை. மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் கசிந்து குளிர்வது அதனால்தான். ஆனால் ஊறுகாய் உப்பும் அதே துளையில் இறங்கிவிடும்.

அடுத்தது கல் மாதிரி இறுகிய ஜாடி. இதற்கு வேறு களிமண். 1200 டிகிரி சூட்டில் சுட்டால் மண் உருகி இறுகித் துளை அடைபட்டுப் போகும். ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பக்கத்துக் குயவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது உள்ளே சாப்பாட்டு உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி மண்ணில் இருக்கிற மணற்சத்தோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகப் படியும். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி இருக்கும். உப்பே பூச்சாகிவிடுகிறது, பாருங்கள்!

மூன்றாவது பீங்கான். இது சீனாவில் பிறந்தது. அங்கே ஜிங்தேஜென் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஒரு மலை. அங்கே எடுத்த வெள்ளைக் களிமண்ணுக்கு அந்த மலைப் பெயரே உலகம் முழுக்க நின்றுவிட்டது. 1300 டிகிரி வரை சுடுவார்கள். கொஞ்சம் இரும்புச் சத்து சேர்ந்தால் பச்சைப் பூச்சு, கோபால்ட் சேர்ந்தால் நீலப் பூ. கப்பலில் வந்த அந்தச் சீனப் பாத்திரங்களின் ஓடுகள் நம்ம ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாக்காரர்களுக்கு இந்த ரகசியம் ரொம்ப நாள் பிடிபடவில்லை. 1710இல்தான் ஜெர்மனியில் மைசன் என்ற ஊரில் பீங்கான் ஆலை தொடங்கினார்கள். இன்றைக்கு நம்ம விருத்தாசலத்திலும் பீங்கான் தொழில் நடக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். குறைந்த சூட்டில் சுட்ட மண்ணுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் ஈயம் கலந்த பூச்சு சுலபம். ஈயம் சீக்கிரம் உருகும். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற பகுதி பாத்திரத் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே பூச்சு வேலையிலும், பூசின பாத்திரத்தைச் சுரண்டித் துடைக்கிற வேலையிலும் நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஈயத் தூசி உடம்பில் ஏறி வயிற்றுவலி வந்தது, மணிக்கட்டு செயலற்றுத் தொங்கிப் போனது, எத்தனையோ பேருக்குக் கரு கலைந்தது. 1898இல் அரசாங்கம் தார்ப், ஆலிவர் என்ற இருவரை விசாரிக்கச் சொன்னது. ஈயம் இல்லாமலே பூச்சு செய்ய முடியும் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் பச்சை ஈயப் பூச்சைச் சட்டம் போட்டு அடியோடு நிறுத்த 1947 ஆயிற்று. கூலிக்கு வேலை பார்த்த பெண்கள் பட்ட பாட்டுக்கு அவ்வளவு காலம் தாழ்ந்துதான் பதில் கிடைத்தது.

ஈயப் பூச்சு சரியாக வேகவில்லை என்றால் புளிப்பு பட்டதும் ஈயம் சாப்பாட்டில் இறங்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அலங்காரத்துக்கு விற்கிற வண்ண ஜாடியில் ஊறுகாய், புளிக்கரைசல், தயிர் வைக்காதீர்கள். வாங்கும்போது ஜாடியின் அடியில் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் வெந்தது போதாது, ஊறுகாய்க்கு ஆகாது. உள்ளே விரிசலோ உரிதலோ இருந்தாலும் வேண்டாம். உணவுப் பொருளுக்கென்றே செய்ததா என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நாம் விற்கிற ஊறுகாயை ஊரான் வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். ருசி நம்ம கைப்பக்குவம். அது கெடாமல் இருப்பது ஜாடியின் பக்குவம். இரண்டையும் பார்த்துச் செய்வோம்.